கழிந்த பணம் நடுவில் யார் கையில் இருக்கிறது?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பியின் விடுதிக் கட்டணத்துக்காக 38,000 ரூபாயை வேறொரு வங்கியில் இருக்கும் அவர் கணக்குக்கு மொபைல் ஆப்பில் ஐஎம்பிஎஸ் மூலம் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. தம்பிக்கு வரவில்லை. நான்கு மணி நேரம் ஆகிவிட்டது, வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்கிறார்கள். "என்னிடமும் இல்லை, அவனிடமும் இல்லை, அப்படியானால் பணம் இப்போது யார் கையில்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வங்கியின் பணப் பரிமாற்றப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று இதே கேள்வியைக் கேட்டவர்கள் ஏராளம். பின்னால் வரிசை நிற்கும்போது முழுப் பதில் சொல்ல முடியாது, "நாளைக்குள் வந்துவிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது அவர்களுக்குப் போதாது என்று அப்போதே தெரியும். இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பணம் உங்கள் வங்கியிலிருந்து கிளம்பி ஏதோ ஒரு கம்பி வழியாகத் தம்பியின் வங்கிக்குப் பயணம் செய்வதில்லை. உங்கள் கணக்கில் 50,000 ரூபாய் இருக்கிறது என்றால் அந்த நோட்டுகள் உங்கள் பெயர் எழுதிய பெட்டியில் இல்லை. 'இவருக்கு நாங்கள் 50,000 தர வேண்டும்' என்று வங்கியின் பேரேட்டில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் 38,000 அனுப்பும்போது உங்கள் வங்கி அந்த வரியை 12,000 என்று மாற்றுகிறது. தம்பியின் வங்கி அவர் பேரேட்டு வரியில் 38,000 கூட்ட வேண்டும். அதாவது அந்த வங்கி புதிதாக 38,000 ரூபாய்க்குக் கடன்காரன் ஆக வேண்டும். சும்மா ஒரு வங்கி கடன்காரன் ஆகுமா? உங்கள் வங்கியிடமிருந்து அந்த 38,000 தனக்கு வரும் என்ற உறுதி இருந்தால்தான் ஆகும்.

ஆக, ஒவ்வொரு பரிமாற்றத்திலும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, 'இன்ன கணக்குக்கு இவ்வளவு வரவு வை' என்று வங்கி வங்கிக்குச் சொல்லும் தகவல். இன்னொன்று, இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் கணக்கை நேர் செய்துகொள்வது. இதை செட்டில்மென்ட் என்போம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ், யுபிஐ என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டில் எது முன்னால், எது பின்னால், எவ்வளவு இடைவெளியில் நடக்கிறது என்ற வித்தியாசம்தான். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒரே வங்கிக்குள் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. நீங்கள் திருச்சிக் கிளை, தம்பி கோயம்புத்தூர்க் கிளை, ஆனால் வங்கி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளைகளின் கணக்கும் ஒரே மென்பொருளில், ஒரே தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒரு வரியில் கழித்து இன்னொரு வரியில் கூட்டினால் வேலை முடிந்தது, வெளியாள் யாரும் நடுவில் இல்லை. அதனால்தான் ஒரே வங்கிக்குள் அனுப்பும் பணம் அநேகமாகச் சிக்குவதே இல்லை.

இரண்டு வங்கிகள் என்றதும் நடுவில் ரிசர்வ் வங்கி வருகிறது. நமக்கு வங்கியில் கணக்கு இருப்பதுபோல வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியில் கணக்கு இருக்கிறது. இந்த வங்கி அந்த வங்கிக்குக் கொடுக்க வேண்டியதை ரிசர்வ் வங்கியின் பேரேட்டில் ஒரு வரியில் கழித்து மற்றதில் கூட்டினால் தீர்ந்தது. கணக்கு மட்டும் நகர்ந்து பணம் நின்ற இடத்திலேயே நிற்கும் இந்த ஏற்பாடு கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார்கள் உண்டியல் (இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதிய சீட்டு) மூலம் செய்தது இதைத்தான். ரங்கூன் கடையில் ஒருவர் பணம் கட்டினால் செட்டிநாட்டில் இருக்கும் பெட்டியிலிருந்து அவர் வீட்டாருக்குப் பணம் கொடுப்பார்கள். கப்பலில் காகிதம் மட்டும்தான் வரும். இரண்டு கடைகளுக்கும் இடையில் பற்று வரவைப் பிறகு நேர் செய்துகொள்வார்கள். கடைக்குக் கடை இருந்த நம்பிக்கையின் இடத்தில் இன்று ரிசர்வ் வங்கியின் பேரேடு இருக்கிறது.

சரி, இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

நெஃப்ட் 2005 நவம்பரில் தொடங்கியது. இதில் உங்கள் உத்தரவு உடனே தனியாகப் போகாது. அரை மணி நேரத்துக்கு ஒரு மூட்டையாகக் கட்டி ரிசர்வ் வங்கியின் நெஃப்ட் மையத்துக்குப் போகும். அங்கே நாட்டின் எல்லா வங்கிகளிலிருந்தும் வந்தவற்றை எந்த வங்கிக்கு எது என்று பிரிப்பார்கள். அந்த அரை மணியில் உங்கள் வங்கி தம்பியின் வங்கிக்கு 70 கோடி தர வேண்டும், அந்த வங்கி உங்கள் வங்கிக்கு 64 கோடி தர வேண்டும் என்று வையுங்கள். 70 அந்தப் பக்கம், 64 இந்தப் பக்கம் என்று போகத் தேவையில்லை, 6 கோடி ஒரு பக்கம் நகர்ந்தால் போதும். உண்மையில் இப்படி இரண்டு இரண்டு வங்கியாகக்கூடப் பார்ப்பதில்லை. மொத்த வங்கிகளையும் சேர்த்து, ஒவ்வொரு வங்கிக்கும் 'நிகரமாக நீ இவ்வளவு தர வேண்டும்' அல்லது 'உனக்கு இவ்வளவு வர வேண்டும்' என்று ஒரே எண்ணாகக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த எண் ரிசர்வ் வங்கிக் கணக்கில் பதிவான பிறகுதான் தம்பியின் வங்கிக்குப் பட்டியல் போகும், அவர்கள் தம்பி கணக்கில் வரவு வைப்பார்கள். செட்டில்மென்ட் முதலில், வாடிக்கையாளருக்கு வரவு பிறகு. மெதுவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பத்திரமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

முன்பெல்லாம் நெஃப்ட் வங்கி வேலை நேரத்தில்தான் நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பினால் திங்கட்கிழமை வரும், நடுவில் பண்டிகை வந்தால் செவ்வாய். 2019 டிசம்பர் 16 முதல் வருடம் முழுக்க, இரவு பகல் எந்நேரமும் நடக்கிறது. நாளுக்கு 48 மூட்டைகள், அதாவது 48 பேட்ச். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு முதல் பேட்ச். ஒரு பேட்ச் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் அதே நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால் ரெப்போ விகிதத்துடன் (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும், அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. நடைமுறையில் வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால்தான் பல இடங்களில் அந்த வட்டி வருகிறது, அதனால் கேளுங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் அனுப்ப 2020 ஜனவரி 1 முதல் கட்டணம் கிடையாது. கிளைக்குப் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்தால் கட்டணம் இருக்கும்.

நெஃப்டில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பெறுபவர் கணக்கில் வரவு வைத்ததும் பெறும் வங்கி ஒரு உறுதிச் செய்தியை அனுப்பிய வங்கிக்குத் திருப்பி அனுப்புகிறது. எங்கள் பிரிவில் அதை என்10 என்போம். 'நீங்கள் அனுப்பிய பணம் இன்னாருடைய கணக்கில் இத்தனை மணிக்கு வரவு வைக்கப்பட்டது' என்று உங்களுக்கு வரும் இரண்டாவது எஸ்எம்எஸ் அதிலிருந்து வருவதுதான். முதல் எஸ்எம்எஸ் வெறும் பற்றுச் செய்தி. இரண்டாவது வந்தால்தான் வேலை முடிந்தது.

ஆர்டிஜிஎஸ் இதற்கு நேர் எதிர். 2004 மார்ச்சில் வந்தது. குறைந்தது 2 லட்சம் ரூபாய். மூட்டை கட்டுவது, கழித்து நிகரம் பார்ப்பது எதுவும் கிடையாது. ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனியாக, முழுத் தொகையோடு, அப்போதே ரிசர்வ் வங்கிக் கணக்கில் தீர்க்கப்படும். நீங்கள் வீடு வாங்க 40 லட்சம் அனுப்பினால், அந்த 40 லட்சம் உங்கள் வங்கியின் ரிசர்வ் வங்கிக் கணக்கில் அந்த நிமிடமே கழிந்து மற்ற வங்கியின் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் அதை மாற்ற முடியாது. பெறும் வங்கி அரை மணிக்குள் வாடிக்கையாளருக்கு வரவு வைக்க வேண்டும். உங்கள் வங்கியின் கணக்கில் அந்த நேரத்தில் போதிய இருப்பு இல்லையென்றால் உங்கள் உத்தரவு வரிசையில் நிற்கும். வங்கிக்கே இருப்பு இல்லாமல் போகுமா என்று கேட்பார்கள். பெரிய தொகைகள் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டே இருக்கும், சில நிமிடங்கள் நெருக்கடி வருவது உண்டு. அதைச் சமாளிக்கவே ஒவ்வொரு வங்கியிலும் நாள் முழுக்க அந்த ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆள் இருப்பார்.

நிகரம் பார்ப்பது சிக்கனமாக இருக்கும்போது எதற்காக இப்படி ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும்? இதற்கு 1974-ல் ஜெர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கொலோன் நகரத்தில் ஹெர்ஷ்டாட் என்று ஒரு வங்கி. ஜூன் 26 அன்று அதன் உரிமத்தை ரத்து செய்து மூடினார்கள். அன்று காலையில் பல வங்கிகள் ஹெர்ஷ்டாட்டுக்கு ஜெர்மன் மார்க்குகளைக் கொடுத்து முடித்திருந்தன. அதற்கு ஈடாக நியூயார்க்கில் டாலர் வர வேண்டும். அமெரிக்காவில் அப்போதுதான் வேலை நேரம் தொடங்கியிருந்தது. வங்கி மூடியதால் அந்த டாலர் வரவில்லை. கொடுத்தது போய்விட்டது, வர வேண்டியது நின்றுவிட்டது. இரண்டு வங்கிகளுக்கு இடையில் பாதி முடிந்து பாதி முடியாமல் இருக்கும் அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்று உலக வங்கித் துறைக்குப் புரிந்தது அன்றுதான். இன்றும் அந்த அபாயத்துக்கு ஹெர்ஷ்டாட் ரிஸ்க் என்றே பெயர். பெரிய தொகைகளில் அந்த இடைவெளியே இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் உலகம் முழுக்க மத்திய வங்கிகள் ஆர்டிஜிஎஸ் மாதிரியான முறைக்கு மாறின.

இனி உங்கள் விஷயம், ஐஎம்பிஎஸ். இதை நடத்துவது என்பிசிஐ என்கிற இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம். 2010 நவம்பரில் தொடங்கியது. இதில் வரிசை தலைகீழ். தகவல் முதலில், அதுவும் சில நொடிகளில். செட்டில்மென்ட் பிறகு. உங்கள் வங்கி உங்கள் கணக்கில் கழிக்கிறது, என்பிசிஐயின் சுவிட்ச் (வங்கிக்கு வங்கி செய்தியைக் கடத்திவிடும் கம்ப்யூட்டர் மையம்) வழியாகத் தம்பியின் வங்கிக்குச் செய்தி போகிறது, அவர்கள் உடனே வரவு வைத்து 'ஆயிற்று' என்று பதில் அனுப்புகிறார்கள், அது அதே வழியில் உங்களிடம் வருகிறது. ரிசர்வ் வங்கியில் வங்கிகளுக்கு இடையிலான கணக்கை நாளுக்குப் பல தடவை, நிகரம் பார்த்து, பின்னால் தீர்த்துக்கொள்கிறார்கள். அதாவது தம்பியின் வங்கி உங்கள் வங்கியிடமிருந்து பணம் வருவதற்கு முன்பே தன் பொறுப்பில் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறது.

2020 டிசம்பர் வரை இது இன்னும் தீவிரமாக இருந்தது. ஆர்டிஜிஎஸ் அப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் வங்கி விடுமுறை நாட்களிலும் இயங்காது, ஆகையால் ஐஎம்பிஎஸ், யுபிஐ எல்லாவற்றின் செட்டில்மென்டும் அடுத்த வேலை நாள் வரை குவிந்து கிடக்கும். தீபாவளி மாதிரி தொடர் விடுமுறைகளில் மக்கள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், வாங்கும் வங்கிகள் கொடுத்துக்கொண்டே இருக்கும், தீர்வு மட்டும் நடக்காது. ஒரு வங்கி அளவு மீறிக் கடன்பட்டுவிடக் கூடாது என்பதற்காக என்பிசிஐ ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு உச்ச வரம்பு வைத்து, அதற்கு ஈடாகப் பிணையும் வாங்கி வைத்திருக்கிறது. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கியது. வெளியில் அதிகம் பேசப்படாத மாற்றம் அது. என் பார்வையில் யுபிஐக்கு அடுத்தபடியாகப் பெரிய காரியம் அதுதான்.

இப்போது உங்கள் 38,000 எப்படிச் சிக்கியிருக்கும் என்று பார்ப்போம். உங்கள் வங்கி கழித்தது. செய்தி என்பிசிஐக்குப் போனது. அங்கிருந்து தம்பியின் வங்கிக்குப் போனது. அதற்குள் பதில் வர வேண்டிய நொடிகள் கடந்துவிட்டன. இப்போது உங்கள் வங்கிக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தம்பியின் வங்கிக்குச் செய்தி போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, வரவு வைக்கும் முன் அவர்கள் கம்ப்யூட்டர் திணறியிருக்கலாம். வரவும் வைத்து, 'ஆயிற்று' என்ற பதில் மட்டும் வழியில் விழுந்திருக்கலாம். இந்த மூன்றும் உங்கள் வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்: மௌனம்.

'பதில் வரவில்லை அல்லவா, உடனே திருப்பிப் போட்டுவிட வேண்டியதுதானே' என்று எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவது நிலைமையாக இருந்து உங்களுக்குத் திருப்பியும் போட்டுவிட்டால் 38,000 ரூபாய் இரண்டு இடத்தில் இருக்கும், வங்கிக்கு நஷ்டம். ஒன்றிரண்டு என்றால் போகட்டும், நாளுக்கு லட்சக்கணக்கில் நடக்கும் பரிமாற்றங்களில் அப்படி விட முடியாது. அதனால் விதி இதுதான்: பதில் வராமல் போனவற்றை அனுப்பிய வங்கி தன்னிச்சையாகத் திருப்பக் கூடாது. என்பிசிஐயின் செட்டில்மென்டில் அந்தத் தொகை தம்பியின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு அந்த வங்கி தன் பேரேட்டையும் என்பிசிஐ அனுப்பும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வரவு வைத்திருந்தால் 'வைத்தாயிற்று' என்று உறுதி சொல்லும். வைக்காமல் இருந்தால் இப்போது வைக்கும், வைக்க முடியாத கணக்காக இருந்தால் திருப்பி அனுப்பும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இன்றிரவு அந்தப் பணம் பெரும்பாலும் இரண்டு வங்கிகளில் ஒன்றின் இடைக்காலக் கணக்கில் இருக்கிறது. எந்த வாடிக்கையாளருடையது என்று இன்னும் முடிவாகாத தொகைகளைப் போட்டு வைக்கும் கணக்கு அது. யாரும் எடுத்துச் செலவழிக்க முடியாது, அதில் ஒரு ரூபாய் மிஞ்சினாலும் மறுநாள் கணக்கு ஒப்பிடும் ஊழியர் அது யாருடையது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். காலையில் வந்ததும் முதல் வேலை அதுதான். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி பில்லோ ஒரு கல்லூரிக் கட்டணமோ இருக்கும் என்பது தெரிந்தே உட்காருவோம்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு பொதுக் கெடு போட்டது. ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்புபவர் கணக்கில் கழிந்து, பெறுபவருக்கு வரவு வைக்க முடியாமல் போனால், பரிமாற்றம் நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் பெறும் வங்கி தானாகவே திருப்பிவிட வேண்டும். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நாள் என்றால் காலண்டர் நாள், வேலை நாள் என்று சொல்லி நீட்ட முடியாது. யுபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பியதற்கும் இதே அடுத்த நாள் கெடு. கடைக்குச் செலுத்தி, கடைக்காரருக்கு உறுதி வராமல் போனால் ஐந்து நாள். நீங்கள் வெள்ளிக்கிழமை அனுப்பியிருக்கிறீர்கள், சனிக்கிழமை முடிவதற்குள் தம்பிக்கு வந்திருக்க வேண்டும் அல்லது உங்களுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

யுபிஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள், இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரலில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது அறிமுகமானது. பெறுபவரின் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி என்கிற வங்கிக் கிளைக் குறியீடும் தெரியாமலே, ஒரு யுபிஐ ஐடியை வைத்து அவர் எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று என்பிசிஐ கண்டுபிடித்துக் கொடுக்கும். பிறகு நடப்பது ஏறக்குறைய ஐஎம்பிஎஸ் மாதிரிதான். உங்கள் வங்கிக்குக் கழிக்கச் சொல்லி ஒரு செய்தி, அவர் வங்கிக்கு வரவு வைக்கச் சொல்லி ஒரு செய்தி. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஜிபே, போன்பே போன்ற ஆப்கள் உங்கள் பணத்தைத் தொடுவதே இல்லை. அவர்களிடம் உங்கள் பணம் தங்குவதும் இல்லை. நீங்கள் அடிக்கும் யுபிஐ பின்னைக்கூட அந்த ஆப் பார்க்க முடியாது. அந்தப் பின் அடிக்கும் திரை என்பிசிஐயுடையது, அங்கேயே பூட்டப்பட்டு உங்கள் வங்கிக்குப் போகிறது. அதனால் பணம் சிக்கினால் ஆப் நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை, புகாரை அந்த ஆப் வழியாகப் பதிவு செய்யலாம், தீர்க்க வேண்டியவை வங்கிகள். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1000 கோடி யுபிஐ பரிமாற்றங்களைத் தாண்டியது. அவ்வளவில் ஒரு சிறு பங்கு சிக்கினாலும் எத்தனை வீடுகளில் அன்று இரவு தூக்கம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். வங்கிகள் தங்கள் சர்வர்களுக்கு இன்னும் செலவு செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

அடுத்து உங்கள் இன்னொரு பயம்: வேறு யாருடைய கணக்குக்காவது போயிருக்குமா? இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நீங்கள் அடித்த பெயரை இயந்திரம் பார்ப்பதில்லை. கணக்கு எண்ணை மட்டும்தான் பார்க்கிறது. எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம், எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புபவரின் பொறுப்பு என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஐஎஃப்எஸ்சியில் மொத்தம் 11 இடங்கள்: முதல் நான்கு எழுத்துகள் வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளை. கிளை தவறாகி வங்கி சரியாக இருந்தால் பெரும்பாலும் பணம் சேர்ந்துவிடும், ஏனென்றால் வங்கிக்குள் கணக்கு எண் ஒன்றே போதும். கணக்கு எண் தவறி, அந்த எண்ணில் உண்மையில் ஒருவர் இருந்துவிட்டால்தான் வினை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மகளின் கல்யாணச் செலவுக்காக ஒரு பெருந்தொகையை நெஃப்டில் அனுப்பினார். எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போனது. பல வங்கிகளின் கணக்கு எண்ணில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும், ஒரு எண் மாறினால் கணக்கே இல்லை என்று திரும்பி வந்துவிடும். அந்த வங்கியில் அப்படி ஆகவில்லை, யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. அந்த நபர் பணத்தை எடுத்துவிட்டார். வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவர் கணக்கிலிருந்து எடுத்துத் தர வங்கிக்கு அதிகாரம் கிடையாது. வங்கி கடிதம் எழுதியது, போன் செய்தது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 72-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது, ஆனால் சட்டத்தைச் செயல்படுத்த நீதிமன்றம் போக வேண்டும். கடைசியில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு, தவணை தவணையாகத்தான் திரும்பி வந்தது. கல்யாணம் அதற்குள் கடன் வாங்கி நடந்து முடிந்துவிட்டது. அந்த ஐயாவின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆப்பில் அந்தப் பெயர் வந்தால் அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். புதுக் கணக்கு என்றால் முதலில் 1 ரூபாய் அனுப்பி, அந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். நான் இன்றும் என் சொந்த அக்காவுக்கு அனுப்பினால்கூட, கணக்கு புதிதென்றால் அப்படித்தான் செய்கிறேன்.

எண் சரியாக இருந்தும் திரும்பி வருவதற்குச் சில காரணங்கள் உண்டு. கணக்கு ரொம்ப நாளாகப் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கலாம். கேஒய்சி என்கிற அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்திருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் கணக்கு) இருந்தால், இங்கே இருக்கும் நம் சாதாரண சேமிப்புக் கணக்கிலிருந்து அதற்கு ரூபாய் அனுப்ப முடியாது, அவருடைய இந்திய வரவுகளுக்கான என்ஆர்ஓ கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். வங்கிகள் இணைந்தபோது பழைய ஐஎஃப்எஸ்சி செல்லாமல் போனதும் ஒரு காரணம். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது, கொஞ்ச காலம் கழித்துப் பழைய குறியீடுகள் நின்றுபோயின. பழைய பாஸ்புக்கைப் பார்த்து அனுப்பியவர்கள் பலர் திணறினார்கள். தம்பியின் வங்கி இப்படி இணைந்த வங்கியாக இருந்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் தம்பியை எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் ஆப்பிலோ ஏடிஎம்மிலோ மினி ஸ்டேட்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். பணம் வந்து எஸ்எம்எஸ் மட்டும் வராமல் போவது நான் அடிக்கடி பார்த்தது. அங்கே இல்லையென்றால் உங்களுக்கு வந்த பற்றுச் செய்தியில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் ஐஎம்பிஎஸ், யுபிஐ பரிமாற்றத்தின் அடையாளம். பெரும்பாலும் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2025 ஜூன் 1 என்றால் 5152 என்று தொடங்கும். நெஃப்ட் என்றால் 16 இடங்கள் கொண்ட யூடிஆர் என்கிற அடையாள எண், ஆர்டிஜிஎஸ் என்றால் 22 இடங்கள். அந்த எண்ணைத் தம்பியிடம் கொடுத்து அவர் வங்கியிலும் கேட்கச் சொல்லுங்கள். எண் இருந்தால் அவர்களால் ஐந்து நிமிடத்தில் தேடிப் பார்க்க முடியும், எண் இல்லாமல் 'அக்கா அனுப்பிய பணம் வரவில்லை' என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் வங்கியில் போனில் பேசியதோடு நிறுத்தாமல், ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் புகார் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள். சனிக்கிழமை இரவு கடந்தும் தீரவில்லை என்றால் மேலே சொன்ன கெடுவைப் போட்ட ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கையையும் நாளுக்கு 100 ரூபாயையும் குறிப்பிட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் கட்டணம் இல்லாமல் போகலாம்.

வங்கியின் போன் நம்பரை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். இப்படிப் பணம் சிக்கித் தவிப்பவர்களைப் பிடிக்கவே போலி வாடிக்கையாளர் சேவை நம்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பர் மட்டும். 'பணத்தைத் திருப்பிப் போட ஒரு ஆப் இறக்குங்கள், பின்னை அடியுங்கள்' என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண் தேவையே இல்லை. ஏற்கெனவே ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

விடுதிக்குக் கெடு திங்கட்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு இன்றிரவே இன்னொரு 38,000 அனுப்ப வேண்டாம், முதலாவது காலையில் தானாக ஏறி இரண்டும் சேர்ந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வரை பாருங்கள். அப்போதும் வரவோ திரும்பவோ இல்லையென்றால், கையில் இருந்தால் நெஃப்டில் அனுப்புங்கள், இப்போது ஞாயிறன்றும் போகும். என்10 எஸ்எம்எஸ் வந்ததும் தம்பியிடம் சொல்லிக் கட்டிவிடச் சொல்லுங்கள். முதல் தொகை திரும்பி வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று தெரிந்தால் அடுத்து கேட்பவருக்குச் சொல்ல எனக்கு உதவும்.